அடுப்பு வேறெங்கோ எரிந்தது

உலர்ந்த தேங்காய்த் துருவல் 300 கிராம். டின்பால் ஒரு டப்பா, 395 கிராம். ஏலக்காய் நான்கைந்து, பொடித்தது. மூன்றையும் ஒரு பாத்திரத்தில் கொட்டிப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மேலே கொஞ்சம் துருவலில் புரட்டி எடுத்தால் தேங்காய் லட்டு தயார். பாகு காய்ச்ச வேண்டாம், பதம் பார்க்க வேண்டாம், கை சுடும் என்ற பயமும் வேண்டாம். ஆக்லாந்தின் மேற்குப் புறநகரான மாசியில், ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் மழை விடாமல் பெய்யும் ஒரு நாளில், எட்டு வயதுக் குழந்தை தானே செய்து முடிக்கக்கூடிய பலகாரம் இது.

இதையே ஊரில் செய்யும் விதம் வேறு. தேங்காய் உடைத்து, கறுப்பு விழாமல் துருவி, சர்க்கரை சேர்த்து, அடுப்பில் வைத்து, கை வலிக்கக் கிளற வேண்டும். ஓரத்தில் நுரைத்து வரும்போது, நெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் வில்லை போட வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் பர்பி இளகி நிற்கும். ஒரு நிமிடம் பிந்தினால் பொடிந்து போகும்.

இத்தனை கவனத்தையும் வாங்கிக்கொண்ட அந்த நெருப்பு, மாசிச் சமையலறையில் எப்படித் தேவையில்லாமல் போயிற்று? தேவையில்லாமல் போகவில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் விடை. அது நமக்கு முன்பே, வேறெங்கோ எரிந்து முடிந்திருக்கிறது. எங்கே, யாருடைய உழைப்பில், எவ்வளவு எரிந்தது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் எது நம் பொறுப்பு என்பதும் தெளிவாகும்.

நெருப்பு செய்யும் மூன்று வேலைகள்

புதிதாக உடைத்த தேங்காய்ப் பருப்பின் எடையில் 47 சதவீதம் தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். மீதி நார், சிறிது புரதம், சிறிது சர்க்கரை. துருவிய தேங்காயை வெளியே வைத்தால் ஒரே நாளில் புளிப்பதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம்.

ஆனால் தண்ணீர் இருந்தால் மட்டும் ஒரு பொருள் கெட்டுவிடாது. தேனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. காரணம், அந்தத் தண்ணீர் முழுவதையும் சர்க்கரை மூலக்கூறுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நுண்ணுயிர் வளர வேண்டுமானால் அது உறிஞ்சி எடுத்துக்கொள்ளும் நிலையில் தண்ணீர் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் தன்மையை உணவு அறிவியலில் நீர்ச் செயற்பாடு என்ற அளவால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பச்சைத் தேங்காய் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறது. சர்க்கரையை இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில் அது 0.86-ஐ ஒட்டி இறங்கிவிடும். உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குக் கீழே பெருக முடியாது. சில பூஞ்சைகளும் ஈஸ்டுகளும் மட்டும் அதற்குக் கீழும் தாக்குப்பிடிக்கும்.

இப்போது பர்பியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கப் தேங்காய்த் துருவல் 80 கிராம் என்றால் அதில் 38 கிராம் தண்ணீர் இருக்கிறது. கப்புக்குக் கப் சர்க்கரை போடுவது வழக்கம். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். ஆக, அந்த 38 கிராம் தண்ணீர் 76 கிராம் சர்க்கரையைத்தான் கரைக்க முடியும். மிச்சம் 124 கிராம் கரையாமல் நிற்க வேண்டும். அடுப்பில் வைத்தால் நிலைமை மாறுகிறது. கொதிநிலையில் அதே தண்ணீர் தன் எடையைப் போல ஐந்து மடங்கு அளவுக்குச் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். கிளறக் கிளறத் தண்ணீர் ஆவியாகிறது, பாகின் சூடு நூறைத் தாண்டி ஏறுகிறது. 112 முதல் 116 டிகிரிக்குள் வரும்போது பாகில் 85 சதவீதம் சர்க்கரை, 15 சதவீதம்தான் தண்ணீர். தட்டில் கொட்டி ஆறவிடும்போது அத்தனை சர்க்கரையைத் தாங்க முடியாமல் அது பொடிப் படிகங்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பர்பி இறுகுகிறது.

ஆகவே ஊர் அடுப்பு மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தது. தண்ணீரை விரட்டியது. நுண்ணுயிர்களைக் கொன்றது. சர்க்கரையைக் கரைத்து, மறுபடி படிகமாக இறுக வழி செய்தது. அடுப்பில்லாத இனிப்பில் இந்த மூன்றில் ஒன்றையும் விட்டுவிட முடியாது. ஒவ்வொன்றையும் வேறு யாரோ செய்து கொடுத்திருக்க வேண்டும்.

கால் லிட்டர் தண்ணீர்

முதல் இரண்டு வேலைகளும் தேங்காய்த் துருவல் ஆலையில் நடந்தவை. இலங்கையில் குருநாகல், புத்தளம், கம்பஹா பகுதிகளைத் தென்னை முக்கோணம் என்பார்கள். உலர் துருவல் ஆலைகள் அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கால் ஊன்றிவிட்டன. ஓட்டை உடைத்து நீக்கி, பருப்பின் மேலிருக்கும் பழுப்புத் தோலைச் சீவி, வெள்ளைப் பருப்பைக் கழுவி, கொதிநீரிலோ நீராவியிலோ சூடாக்கி, துருவி, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். தோல் சீவும் வேலையைப் பல ஆலைகளில் இன்னமும் பெண்கள் கையாலேயே செய்கிறார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இந்தத் தொழில் வளர்ந்தது. பிலடெல்பியாவில் மாவு வியாபாரம் செய்த ஃபிராங்க்ளின் பேக்கர் என்பவருக்கு, 1895-இல் கியூபாவிலிருந்து வர வேண்டிய பணத்துக்குப் பதிலாக ஒரு கப்பல் தேங்காய் வந்து சேர்ந்தது. விற்க முடியாமல் அழுகிவிடும் என்ற நிலையில் அவர் அதைத் துருவி உலர்த்தி விற்கும் வழியைச் செம்மைப்படுத்தினார். பிறகு மாவுத் தொழிலையே விட்டுவிட்டுத் தேங்காய்க்கு மாறினார். வெப்ப நாட்டுக் காய் ஒன்று குளிர் நாட்டு அலமாரிகளில் மாதக்கணக்கில் இருக்க முடிந்தது இந்த உலர்த்தலால்தான்.

உலர்த்திய துருவலில் தண்ணீர் 3 சதவீதம். எண்ணெய் 60 சதவீதத்துக்கு மேல். நம் லட்டுக்கு எடுத்துக்கொண்ட 300 கிராம் துருவல், ஏறத்தாழ 550 கிராம் பச்சைப் பருப்பிலிருந்து வந்தது. இடையில் காணாமல் போனது கால் லிட்டர் தண்ணீர். கால் லிட்டர் தண்ணீரைக் குழாய்ச் சூட்டிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப் போல ஏழு மடங்கு வெப்பம், கொதித்த அந்த நீரை முழுவதும் ஆவியாக்க வேண்டும். பாட்டிமார் அவ்வளவு நேரம் கிளறியதன் இயற்பியல் இதுவே. பேருழைப்பு எல்லாம் சூடேற்றுவதில் இல்லை, ஆவியாக்குவதில் இருக்கிறது. ஆலை அந்த ஏழு மடங்கு வேலையையும் முடித்துவிட்டுத்தான் துருவலைப் பையில் கட்டுகிறது.

கரும்பும் பாலும்

மூன்றாவது வேலை சர்க்கரையுடையது. அதில் கரைக்கும் பகுதி டின்பாலுக்குள் முடிந்திருக்கிறது.

மாட்டுப்பாலில் 87 சதவீதம் தண்ணீர். டின்பாலில் 27 சதவீதம். சாதாரணச் சட்டியில் இவ்வளவு சுண்டக் காய்ச்சினால் பால் அடிபிடித்துப் பழுப்பாகிவிடும். இதற்குத் தீர்வு சர்க்கரை ஆலையிலிருந்து வந்தது. 1810-களில் இங்கிலாந்தின் எட்வர்டு சார்லஸ் ஹோவர்டு, காற்றை வெளியேற்றிய மூடிய கொப்பரையில் பாகு காய்ச்சும் முறையை உருவாக்கினார். காற்றழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சர்க்கரை கருகாது. அதே வெற்றிடக் கொப்பரை உத்தியைப் பாலுக்குப் பயன்படுத்தி அமெரிக்காவின் கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் டின்பால் அப்படித்தான் செய்யப்படுகிறது. பால் சுண்டுகிறது, சர்க்கரை முழுவதும் கரைந்து நிற்கிறது, பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை நாக்குக்குத் தட்டுப்படாத அளவு பொடிப் படிகங்களாக இருக்கும்படி ஆலையில் குளிரவைக்கிறார்கள். டப்பாவைத் திறந்தால் கைக்கு வருவது, பதம் பார்த்து இறக்கிய ஒரு பால்பாகு.

அந்தச் சர்க்கரையின் கதை மாசிக்கும் தமிழருக்கும் மிக அருகில் இருக்கிறது. ஆக்லாந்துத் துறைமுகத்தின் வடகரையில், பர்க்கன்ஹெட்டில், இளஞ்சிவப்புக் கட்டடங்களோடு செல்சி சர்க்கரை ஆலை 1884 முதல் இயங்கி வருகிறது. ஆஸ்திரேலியாவின் கொலோனியல் சர்க்கரை நிறுவனம் அதை நடத்திய நெடுங்காலத்தில், அதே நிறுவனம் பிஜித் தீவுகளில் கரும்பு ஆலைகளையும் தோட்டங்களையும் வைத்திருந்தது. பிஜியின் கச்சாச் சர்க்கரை ஆக்லாந்துக்கு வந்து வெண்சர்க்கரையானது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச்செல்லப்பட்ட தமிழரும் தெலுங்கரும் அந்தக் கரும்பை நட்டார்கள், வெட்டினார்கள், சுமந்தார்கள். அங்கே வாடிய பெண்களை எண்ணி பாரதியார் பாடல் எழுதினார். 1926-இல் பிஜியின் அந்தத் தமிழரும் தெலுங்கரும் தங்களுக்கென்று தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார்கள். 1987-இல் பிஜியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு அவர்களின் வாரிசுகள் பலர் ஆக்லாந்தில் குடியேறினார்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை இத்தனை பேரின் வியர்வையைத் தாண்டி வந்திருக்கிறது என்பதை அறிவியல் நூலும் சொல்லத்தான் வேண்டும். வெப்பத்தின் கணக்கை எழுதும்போது, வெயிலில் நின்றவர்களின் கணக்கை விட்டுவிட முடியாது.

24 டிகிரி

தண்ணீரை விரட்டுவதும் நுண்ணுயிர்களைக் கொல்வதும் சர்க்கரையைக் கரைப்பதும் முடிந்துவிட்டன. ஆனால் லட்டு இறுக வேண்டும். கப்புக்குக் கப் சர்க்கரை போட்ட பர்பியைப் போல இங்கே படிகங்கள் பின்னிக்கொள்வதில்லை. இந்த இடத்தில்தான் மாசியின் குளிர் சமையலுக்குள் நுழைகிறது.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகும், அதற்குக் கீழே உறையும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அந்தச் சூட்டில் உறைவதில்லை. வேறுபாடு கொழுப்பு அமிலங்களின் வடிவத்தில் இருக்கிறது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி, இடையில் வளைவுள்ள நிறைவுறாக் கொழுப்பு. வளைந்தவை நெருக்கமாக அடுக்க இடம் கொடுப்பதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நேரான நிறைவுற்ற கொழுப்பு. அதிலும் பாதியளவு 12 கார்பன் அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம் ஒன்றே. நீளம் ஒத்த நேரான மூலக்கூறுகள் சட்டென்று அடுக்கிக்கொள்கின்றன, சட்டென்று கலைகின்றன. நெய் மெல்ல மெல்ல இளகுவது போலல்லாமல், தேங்காய் எண்ணெய் சில டிகிரி இடைவெளிக்குள் முழுதும் உருகிவிடும். அப்படி உருகும்போது வாயிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் நாவில் ஒரு குளிர்ச்சி தெரியும்.

வெப்ப மண்டலத்தில் வளரும் மரத்துக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. அங்கே விதைக்குள் இருக்கும் எண்ணெய் ஏறக்குறைய எப்போதும் நீர்மமாகவே இருக்கும். குளிர் நாட்டுத் தாவரங்களின் விதைகளில் நிறைவுறா எண்ணெய் மிகுந்திருப்பதற்கும் எண்ணெயின் உறைநிலையே ஒரு காரணம் எனக் கருதுகிறார்கள். முளைக்கும் நேரத்தில் எண்ணெய் உறைந்து கிடந்தால் முளை அதைப் பயன்படுத்த முடியாது. நியூசிலாந்தின் வடகோடியில் கூப்பர்ஸ் கடற்கரையில், தேங்காயின் உறவினம் எனக் கருதப்படும் சின்னஞ்சிறு கொட்டைகளின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. மூன்றரை சென்டிமீட்டர்தான் நீளம். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இந்த மண் இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்தபோது விளைந்தவை. இன்று பெருநிலத்துக்கு உரிய பனைக்குடும்ப மரம் நிகாவு ஒன்றே. தென்னை இங்கே காய்ப்பதில்லை.

சென்னையில் தேங்காய் எண்ணெய் உறைவது மார்கழி, தை விடியல்களில் சில மணி நேரம். ஆக்லாந்தில் பிப்ரவரியின் பகல் உச்சமே சராசரியாக 24 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஜூலையில் அந்தச் சராசரி 15-ஐ ஒட்டியே இருக்கும். வாடகை வீடுகளின் வரவேற்பறையை 18 டிகிரி வரை சூடாக்கும் வசதி வேண்டும் என்று 2019-இல் நியூசிலாந்து அரசு விதி வகுத்தது. சட்டம் கேட்கும் அந்த 18 டிகிரியிலும் தேங்காய் எண்ணெய் கல்லாகத்தான் இருக்கும். எனவே மாசியில் ஜூலை மாதம் உருட்டிய லட்டு மேசையிலேயே இறுகிவிடுகிறது. அதே லட்டு சித்திரை மாதத்துச் சென்னையில் தட்டில் எண்ணெய் விட்டுக்கொண்டு தொய்ந்து உட்காரும். செய்முறையில் எழுதப்படாத நான்காவது பொருள், அறையின் வெப்பநிலை.

நியூசிலாந்தின் சொந்த அடுப்பில்லா இனிப்புகள் பலவும் இதே தத்துவத்தில் நிற்கின்றன. இங்கே கடைகளில் கிரெமெல்டா என்ற பெயரில் விற்கும் வெள்ளைக் கட்டி, ஹைட்ரஜன் ஏற்றிய தேங்காய் எண்ணெய். எஞ்சிய நிறைவுறாக் கொழுப்பையும் நேராக்கி, உருகுநிலையைச் சில டிகிரி உயர்த்தியிருக்கிறார்கள். பொரியும் கோகோவும் சேர்த்துப் பிறந்தநாள் விருந்துக்குச் செய்யும் இனிப்பு, வெயில் நாளிலும் கையில் உருகாமல் நிற்பது அதனால்.

நெருப்பு தவறினால்

வேறொருவரின் அடுப்பை நம்பும்போது, அங்கே நேரும் தவறும் நம் தட்டுக்கு வரும். 1953-இல் ஆஸ்திரேலியாவில் டைபாய்டு பரவியபோது, அதன் வேர் பாப்புவாவிலிருந்து வந்த உலர் தேங்காய்த் துருவலில் இருந்தது கண்டறியப்பட்டது. 1960-ஐ ஒட்டி, இலங்கையிலிருந்து பிரிட்டனுக்கு வந்த துருவலிலும் சால்மொனெல்லா காணப்பட்டது. உலர்த்தினால் நுண்ணுயிர் பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. வறண்ட நிலையில், கொழுப்பின் பாதுகாப்பில், சால்மொனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அந்தத் துருவலைப் பிஸ்கட்டில் போட்டுச் சுட்டிருந்தால் செத்திருக்கும். சுடாமல் உருட்டி உண்டால் நேரே குடலுக்குப் போகும்.

இந்த நிகழ்வுகளுக்குப் பிறகுதான் தேங்காய்ப் பருப்பைத் துருவுவதற்கு முன் வெப்பத்தால் தூய்மை செய்வதும், ஏற்றுமதிக்கு முன் சால்மொனெல்லா சோதனை செய்வதும் கட்டாயமாயின. ஆலையில் பருப்பு கொதிநீரில் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அடுப்பில்லா லட்டின் பாதுகாப்பு. எனவே பெயரும் தேதியும் இல்லாத திறந்த மூட்டைத் துருவலை இந்த இனிப்புக்கு வாங்க வேண்டாம். ஐயம் இருந்தால், வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்து ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

நமக்கு மிஞ்சிய வேலை

பிசைந்தவுடன் கலவை தளர்வாக, கையில் ஒட்டும். அவசரப்பட்டு இன்னும் துருவல் சேர்த்தால் மறுநாள் லட்டு வறண்டு உதிரும். 3 சதவீத ஈரத்தோடு வந்த நார், டின்பாலின் தண்ணீரை மெல்லத்தான் உறிஞ்சும். அரை மணி நேரம் மூடி வையுங்கள். கலவை தானாகக் கெட்டிப்படும்.

உருட்டும்போது விரைந்து உருட்டுங்கள். உள்ளங்கையின் சூடு 30 டிகிரிக்கு மேல். அழுத்தித் தேய்த்தால் துருவலின் எண்ணெய் உருகி வெளியே வரும், லட்டு மேல் பளபளப்பாகி உள்ளே பிளக்கும்.

பச்சைத் தேங்காய்க்கு ஆசைப்பட்டால் கணக்கு மாறும் என்பதை நினைவில் வையுங்கள். பசிபிக் தீவுகளின் தேங்காய் ஆக்லாந்துச் சந்தைகளில் கிடைக்கிறது, மணம் அருமை. உலர் துருவல் லட்டில் ஒரு பங்கு தண்ணீருக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. கரையக்கூடிய உச்ச அளவும் அதுதான். அதனால் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்து உண்ணலாம். அதே எடைக்குப் பச்சைத் துருவலைப் போட்டால், 9 கிராம் தண்ணீர் வந்த இடத்தில் 141 கிராம் வந்துவிடும். தண்ணீரும் சர்க்கரையும் ஒன்றுக்கு ஒன்றாகிவிடும். பாக்டீரியாவுக்கு அது போதும். கிருஷ்ண ஜெயந்தியில் அவல், வெல்லம், பச்சைத் தேங்காய் கலந்து படைப்பதை அன்றைக்கே உண்டு முடிக்கும் வழக்கம் எவ்வளவு சரியானது! பச்சைத் தேங்காய் இனிப்பை அன்றே உண்ணுங்கள், இல்லையேல் அடுப்பில் கிளறுங்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். ஆக்லாந்தின் காற்று ஈரமானது. 20 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் பனி கோக்கும். லட்டின் மேல் கோத்த துளி சர்க்கரையைக் கரைத்து, பூஞ்சைக்கு ஓர் இடம் தயாரித்துவிடும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறந்தால், அந்தத் துளி டப்பாவின் வெளியேதான் படியும்.

இனி எந்த அடுப்பில்லாச் செய்முறை கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதிலிருந்து தண்ணீர் எங்கே போயிற்று, அல்லது எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? இதன் நுண்ணுயிர்களை எந்த நெருப்பு கொன்றது? இதை இறுக வைப்பது எது? நியூசிலாந்தின் லாலி கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மால்ட் பிஸ்கட் ஏற்கெனவே சுட்டது. வெண்ணெய், சூடாக்கித் தூய்மை செய்த பாலில் எடுத்தது. டின்பாலில் சர்க்கரை நீரைப் பிடித்திருக்கிறது. உறைந்த வெண்ணெய் எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. மூன்றுக்கும் விடை இருக்கிறது. சுடாத பிஸ்கட் மாவை அப்படியே உண்ணும் செய்முறை இரண்டாம் கேள்வியிலேயே தோற்றுவிடும். பையில் வரும் கோதுமை மாவும் மைதாவும் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் பொதுவாக நெருப்பைக் காணாத பச்சைப் பொருள்கள். மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தால், குழந்தையின் கையில் தைரியமாகப் பாத்திரத்தைக் கொடுங்கள். ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால், அந்த வேலையை இன்னும் யாரும் செய்யவில்லை என்று பொருள். அதை நம் வீட்டு அடுப்புதான் செய்தாக வேண்டும்.